ஆறு மாதத் தவணை

மூலக்குளத்தில் எங்கள் வீடு விழுப்புரம் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த வீட்டின் கூடத்தில் அமர்ந்து அப்பா ஒரே ஒரு குறையைத்தான் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தார். "உன் தாத்தா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நாம எங்கேயோ இருந்திருப்போம்." யாராவது உறவினர் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்து போனால் அந்த வாக்கியம் அன்றிரவு கட்டாயம் வரும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தக் கையெழுத்து எதுவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. இரு நாடுகளின் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசிலும் அதன் புறநகர்களிலும் இருக்கிறார்கள். ரோடியர் மில்லில் தறி ஓட்டிய என் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அவருடைய தம்பி மட்டும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஊர்ப் பேச்சில் 'சொல்தா'வாகி, இந்தோசீனாவுக்குப் போய், பிரெஞ்சுக்காரராகவே அங்கே தங்கிவிட்டார்.

2008-இல் நான் நிதி மேலாண்மையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் பாரிசில் படிக்க வாய்ப்பு வந்தது. அங்கே கல்விக் கட்டணம் இல்லை. வாடகையும் சாப்பாடும் என் பொறுப்பு. பிணை கேட்காத கல்விக் கடனின் உச்சவரம்பு அப்போது நான்கு லட்சம். அந்த நான்கு லட்சத்தையும் வாங்கினோம். ஒரு யூரோ ஏறக்குறைய 65 ரூபாய் விற்ற காலம். விசாவுக்காகத் தூதரகத்திற்குப் போன அன்று அப்பாவும் கூட வந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "இந்த வாசல்ல நாம மனு குடுக்கிற மாதிரி ஆயிடுச்சு பாரு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. உள்ளூர எனக்கும் அதே எண்ணம்தான்.

வகுப்புகள் தொடங்கிய சில நாட்களில், செப்டம்பர் 15 திங்கட்கிழமை, லேமன் பிரதர்ஸ் திவாலானது. அந்த மாதம் முடிவதற்குள் டெக்சியா வங்கியைக் காப்பாற்ற பெல்ஜியமும் பிரான்சும் லக்சம்பர்க்கும் சேர்ந்து 640 கோடி யூரோ கொட்ட வேண்டியிருந்தது. எங்கள் பேராசிரியர் பாடத்திட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு ஒவ்வொரு வகுப்பையும் செய்தித்தாளோடு தொடங்கினார். நாங்கள் மனப்பாடம் செய்திருந்த சூத்திரங்கள் எல்லாம் அங்கே எங்கள் கண்முன் உதவாமல் நின்றன. அவர் அதை மறைக்கவில்லை. "இந்த விலைகளைப் போட்டவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துப் போட்டார்கள்" என்று ஒருநாள் சொன்னார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதன் பொருள் பிறகுதான் விளங்கியது.

லூயி பஷலியே என்ற பெயரை அவரிடம்தான் முதலில் கேட்டேன். 1900-இல், பாரிஸ் பங்குச்சந்தையில் அரசுக் கடன்பத்திரங்கள் மீது நடந்த ஆப்ஷன் வியாபாரத்தை எடுத்துக்கொண்டு சோர்போனில் கணித ஆய்வேடு சமர்ப்பித்தவர். விலை அடுத்து எந்தப் பக்கம் நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையே கணக்காக்கினார். ஐன்ஸ்டைன் பிரௌனிய இயக்கம் பற்றி எழுதியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. பஷலியேவுக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி 1927-இல்தான், அதுவும் தலைநகரிலிருந்து விலகிய பெசான்சோனில், கிடைத்தது. 1946-இல் அவர் இறந்தபோது நிதி உலகில் அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இன்று ஆப்ஷன் விலைக் கணக்கின் தொடக்கம் என்று அவரைக் காட்டுகிறார்கள்.

ஆப்ஷன் என்பது எளிய விஷயம். குறிப்பிட்ட நாளுக்குள் ஒன்றைச் செய்துகொள்ளும் உரிமை. செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாள் கடந்தால் அது வெறுங்காகிதம். பிரெஞ்சில் அதன் உச்சரிப்பு 'ஒப்சியோன்'. அந்தச் சொல்லை வகுப்பில் கேட்டதும் எனக்கு உடல் சிலிர்த்தது. குடியுரிமை விவகாரத்திற்கும் அதே சொல்தான். அன்றிரவு அறையில் உட்கார்ந்து எக்செலில் கணக்குப் போட்டேன். பிரெஞ்சுச் சம்பளம், ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு, வட்டி கழித்த இன்றைய மதிப்பு. தாத்தா காலாவதியாக விட்டதன் விலை பெரிய தொகையாக வந்தது. என் கடனைப் போலப் பல மடங்கு. அந்தத் தொகையைத் தடித்த எழுத்தில் வைத்துச் சேமித்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

லா ஷப்பேல் பக்கம் அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கப் போவேன். அந்தத் தெருக்களில் கடைகள் பெரும்பாலும் ஈழத் தமிழருடையவை. 1983-க்குப் பிறகு எத்தனையோ எல்லைகளைத் தாண்டி வந்து சேர்ந்தவர்கள். ஒரு கடைக்காரர் நான் புதுச்சேரி என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "உங்கட ஆக்களுக்குப் பாஸ்போட் வாசலுக்கே வந்ததெல்லோ? நீங்கள் ஏன் எடுக்கேல்லை, தம்பி?" அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று உறைத்தது. தாத்தா ஏன் எழுதவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு சார்செலில் இருந்த சின்னத் தாத்தாவைப் பார்க்கப் போனேன். எண்பது வயது. கூடத்தில் பதக்கங்கள் கண்ணாடிச் சட்டத்திற்குள் இருந்தன. மீன்குழம்பு சாப்பிட்டு முடித்ததும் அப்பாவின் வாக்கியத்தை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

"அண்ணன் எழுதிக் கேட்டாரு. நான்தான் வேணாம்னு எழுதினேன்" என்றார்.

1962-இன் தொடக்கத்தில் அவர் அல்ஜீரியாவில் இருந்தார். அந்தப் போருக்குப் பிரான்ஸ் தன் இளைஞர்களைக் கட்டாய ராணுவச் சேவையில் அனுப்பிக்கொண்டிருந்தது. இருபது வயதுப் பிள்ளைகளைப் பெட்டியில் ஏற்றி அனுப்பியதைப் பார்த்தவர் அவர். இந்தோசீனாவில் தொடங்கி அல்ஜீரியா முடியும் வரை, பதினாறு ஆண்டுகள் ஏறத்தாழ இடைவெளியில்லாத போர். "உங்கப்பனுக்கு அப்ப ஒம்பது வயசு கண்ணு. அண்ணனுக்கு ஒரே ஆம்பளப் பிள்ளை. இன்னும் பத்து வருசத்துல இன்னொரு சண்டை வராதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? பிரான்சுக்காரனா ஆனா பட்டாளத்துக்குக் கூப்பிடுவாங்கன்னு எழுதினேன். அண்ணன் ஒரு வார்த்தை பதில் எழுதினாரு. சரின்னு."

அப்பாவிடம் தாத்தா இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உனக்காகத்தான் விட்டேன்னு பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "சண்டை வரல. நான் சொன்னது தப்பாப் போச்சு. நீங்க ஏசறதெல்லாம் என்னைத்தான் ஏசணும்" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

திரும்பி வரும் ரயிலில் பேராசிரியர் சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது. ஆப்ஷனின் விலையை அது காலாவதியான பிறகு, நடந்ததெல்லாம் தெரிந்துகொண்டு, போட முடியாது. நான் எக்செலில் செய்தது அதைத்தான். 1962-இல் ஒரு மில் தொழிலாளி கையில் இருந்தது தம்பியின் கடிதமும் ஒன்பது வயது மகனும் மட்டுமே. அந்த மகனுக்கு நேரக்கூடியது என் பட்டியலில் ஒரு வரியாகக்கூட இல்லை.

தேர்வில் இருபதுக்குப் பதின்மூன்று வாங்கினேன். அங்கே அது நல்ல மதிப்பெண்ணாம். 2009 ஜனவரியில் ஊர் திரும்பி, ஒரு வாரம் தள்ளிப்போட்டு, ஓர் இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்த பிறகு, "அந்தக் கடுதாசி சித்தப்பாகிட்ட இருக்கா?" என்றார். இல்லை என்றேன். எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை.

கடனை ஐந்து ஆண்டுகளில் அடைத்தேன். சின்னத் தாத்தா இப்போது இல்லை. ரோடியர் மில்லும் 2020 ஏப்ரல் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. அந்த ஆண்டுகளுக்கு நடுவே ஒருமுறை, பிரான்சிலிருந்து வந்த உறவினர்கள் கூடத்தில் நிறைந்திருந்தபோது, அப்பா பழைய வழக்கத்தில் தொடங்கினார். "எங்கப்பா மட்டும் ஒரு கையெழுத்து…" என்றவர் நிறுத்தினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "எல்லாருக்கும் காப்பி வந்துச்சா பாரு" என்று என்னிடம் சொன்னார். நான் எழுந்து உள்ளே போனேன்.