மட்சுமோட்டோ நகரில் ஒரு பள்ளிக்கூடம்

யப்பான் தேசத்துப் பாடசாலையொன்றில் எமக்குக் கிடைத்த முதற் பாடம் சப்பாத்தைப் பற்றியது. வாயிலில் நின்ற அதிபர் குனிந்து வணங்க, நாமும் குனிந்து வணங்கிவிட்டுச் சப்பாத்துக் காலோடு படியேறிவிட்டோம். ஒருவரும் ஒன்றுஞ் சொல்லவில்லை. சிறுமி ஒருத்தி மாத்திரம் எமது பாதங்களையே உற்று நோக்கி நின்றாள். அந்தப் பார்வை போதுமாயிருந்தது. வீட்டு வாசலிற் பாதரட்சையைக் கழற்றி வைக்கும் யாழ்ப்பாணத்தவராகிய நாம், பாடசாலை என்றதும் அவ்வழக்கத்தை மறந்துபோனது வெட்கத்துக்குரிய விடயமே. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசலில் ஒரு சிறு தட்டு உண்டு. வெளிச் சப்பாத்தை அதில் வைத்துவிட்டு, உள்ளே அணியும் வெண்ணிறச் சப்பாத்தை மாட்டிக் கொண்டே வகுப்புக்குச் செல்வர்.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஆசிரியர் என்ற முறையில் அப்பாடசாலையிற் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. தோக்கியோவின் சின்யூக்கு நிலையத்திலிருந்து கடுகதிப் புகையிரதத்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் மட்சுமோட்டோ நகரை அடையலாம். மேற்கே பனி மூடிய மலைத்தொடர். நகர் நடுவே கரிய கோட்டை. ஆயினும் எமது மனத்தைக் கவர்ந்தது கோட்டையன்று; 1876இல் எழுந்த கைச்சிப் பாடசாலையின் பழைய கட்டடமே. நாடெங்கும் பாடசாலைகள் வேண்டுமென 1872இல் அரசு விதித்து நான்கு வருடங்களே சென்றிருந்தன. ஐரோப்பிய மாளிகைகளைப் பார்த்த ஓர் உள்ளூர்த் தச்சர் எண்கோணக் கோபுரமும், பெயர்ப்பலகையைத் தாங்கும் தேவதூதர்களுமாக அதனைக் கட்டினார். செலவிற் பெரும்பகுதியை ஊர்மக்களே கொடுத்தார்கள். 2019இல் அது தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் பணத்தில் எழுந்த எமது பழைய கல்லூரிகளை நினைந்தபடி அதன்முன் நெடுநேரம் நின்றோம்.

நாம் இருந்த பாடசாலை மிகச் சாதாரணமானது. எமக்கு ஒதுக்கப்பட்டது ஐந்தாம் வகுப்பு. நண்பகலானதும் ஐந்தாறு பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் முகமூடியும் அணிந்து, தாதியரைப் போலப் புறப்பட்டார்கள். சோற்றுப் பெட்டியையும் சூப் வாளியையும் வண்டியிலே தள்ளிவந்து தாமே பரிமாறினார்கள். சோறு, வாட்டிய மீன், அவித்த கீரை, மிசோ எனப்படும் சோயாச் சாந்து கரைத்த சூப், பால். ஆசிரியைக்கும் எமக்கும் அதே உணவுதான். அதிபர் அதனை முன்னதாகவே உண்டு பார்த்துவிடுவார். “நஞ்சிருந்தால் முதலிற் போவது நான்” என்று அவர் சிரித்தார். 1889இல் சுருஓக்கா என்னும் ஊரில், கோயிலொன்றில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் மீனும் கொடுத்ததே இவ்வழக்கத்தின் தொடக்கம் என்பர். யுத்தத்தின் பின் பிறநாட்டுப் பாற்பொடியால் அது மீண்டும் உயிர்பெற்றது. 1954இல் சட்டமும் பிறந்தது.

இரண்டாம் நாள் ஒரு சிறுவன் கை தவறிச் சூப்பிற் பாதியைத் தரையிற் கொட்டிவிட்டான். எமது பாடசாலையாயின் முதலிற் பிரம்பு, பின்னரே விசாரணை. அங்கே ஆசிரியை, “சுட்டுவிட்டதா?” என்று மட்டுங் கேட்டார். சிலர் துணி எடுக்க ஓடினர். ஏற்கெனவே சூப் பெற்றிருந்தோர் ஒவ்வொருவராய் எழுந்துவந்து, தத்தம் கிண்ணத்திலிருந்து ஓரகப்பை வாளியில் ஊற்றிச் சென்றார்கள். எமது கிண்ணத்தையும் நீட்டினோம். கொட்டிய சிறுவன் மூக்கை உறிஞ்சிக் கொண்டே எல்லார்க்கும் பரிமாறி முடித்தான்.

உணவின் பின் துப்புரவு. பிள்ளைகள் ஈரத் துணியைத் தரையிற் பதித்து, இரு கைகளாலும் அழுத்தியவாறு வரிசையாக ஓடித் துடைத்தார்கள். பேச்சில்லை. மலசலகூடமும் அவர்கள் பொறுப்பே. அதிபரும் ஒரு துணியை எடுத்தபோது நாம் கைகட்டி நிற்க முடியவில்லை. முழங்காலிட்டுத் துடைக்கையில் எமக்கு உண்டான கூச்சத்தை மறைப்பானேன்? விளக்குமாறு யார் கையில் இருக்க வேண்டுமென்பதைப் பிறப்பே தீர்மானித்த ஊரிலே வளர்ந்தவர் நாம். யப்பானிலும் அத்தகைய கொடுமை இருந்தது. 1871இல் சட்டத்தால் நீக்கியும் அது முற்றாக மறையவில்லை. ஆனால் அவ்வகுப்பறையில் தரை எல்லார்க்கும் உரியதாயிருந்தது.

ஒருநாள் கரும்பலகையிற் தமிழ் எழுதிக் காட்டினோம். வினைச்சொல் இறுதியில் வருகிறதென்று கண்ட ஒருவன், “எங்கள் மொழியைப் போலவே!” என்று கூவினான். தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவுண்டென வாதித்த அறிஞர் ஒனோ சுசுமு அங்கிருந்தால் மகிழ்ந்திருப்பார். மொழியியலாளர் பலர் அவர் கொள்கையை ஏற்கவில்லை என்பது வேறு கதை.

சாளரத்தருகே ஒரு கதிரை மட்டும் நாள்தோறும் வெறுமையாயிருந்தது. காய்ச்சல் போலும் என்றே எண்ணினோம். கோடை விடுமுறைக்குப் பின் அச்சிறுவன் வரவேயில்லை என்று ஆசிரியை தாழ்ந்த குரலிற் கூறினார். நோயுமில்லை, சண்டையுமில்லை. 2023ஆம் கல்வியாண்டில் தொடக்க, இடைநிலைப் பாடசாலைகளில் இவ்வாறு முப்பது நாட்களோ அதற்கு மேலோ வராதிருந்தோர் 346,482 பேர் என்று கல்வி அமைச்சு அறிவித்திருந்தது. முப்பது பிள்ளைகள் ஒரே கையாய்த் தரை துடைக்கும் ஒழுங்கைக் கண்டு வியந்த எமக்கு, அவ்வொழுங்கிற் கால் பிந்தும் பிள்ளை எங்கே நிற்பான் என்று கேட்கத் தோன்றவில்லை. எமது வகுப்பிலும் ஒருவன் வராமல் நின்றதுண்டு. மூன்று மாதங்களின் பின் இடாப்பில் அவன் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினோம். அவன் வீட்டுக்குப் போகவில்லை.

அந்த ஆசிரியையோ வாரந்தோறும் போகிறார். சிறுவன் அறைக் கதவைத் திறப்பதில்லை. வெளியே அமர்ந்து வகுப்புச் செய்திகளைச் சொல்லிவிட்டு வருவார். முந்திய வாரம் கதவுக்கு அப்பாலிருந்து ஒரு கேள்வி வந்ததாம்: “மீன்களுக்கு இரை போடுகிறார்களா?” வகுப்பிலே விஞ்ஞானப் பாடத்துக்காக ஒரு தொட்டியில் மெடாக்கா என்னும் சின்னஞ்சிறு மீன்களை வளர்க்கிறார்கள்.

அன்று முதல் இரை போட்ட நேரத்தையும் முட்டைகளின் தொகையையும் பிள்ளைகள் முறைவைத்து ஒரு தாளில் எழுதுகிறார்கள். அவன் தெருவிலே வசிக்கும் சிறுமி, அன்றைய பாடத் தாள்களோடு அதனையும் ஓர் உறையில் இட்டு அவன் வீட்டுத் தபாற் பெட்டியிற் சேர்க்கிறாள். நாம் விடைபெற்ற மாலையிலும் அவள் உறையை முதுகுப் பைக்குள் பத்திரமாக வைத்து, வாசலிற் சப்பாத்தை மாற்றிக் கொண்டு, எமக்குக் குனிந்து வணக்கம் கூறிவிட்டு நடந்தாள்.