தீட்டும் பூதக்கண்ணாடியும்

நமது தமையனார் மகள் என்ன படிக்கிறாள் என்று வினவுவோர்க்கு விடை கூறுவது நமக்குச் சற்றுச் சிரமமான காரியமாகவே இருந்து வருகிறது. மருத்துவத் துறை என்று தொடங்கினால், "டாக்டருக்கா?" என்று முகம் மலர்கிறார்கள். "அன்று, மருத்துவச் சோதனைச்சாலைத் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு" என்று விளக்கியவுடன் மலர்ந்த முகம் வாடிவிடுகிறது. இரத்தம் எடுக்கிற வேலையா என்கிறார் ஒருவர். நர்ஸ் உத்தியோகமா என்கிறார் மற்றொருவர். புந்தோங்கில் ஒரு கலியாண வீட்டில், நமக்கு மிகவும் வேண்டிய பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "மலமும் மூத்திரமும் சளியும் தொடுகிற வேலைக்கா தம்பி பெண்பிள்ளையை அனுப்புவது? நாளைக்கு எவன் வந்து பெண் கேட்பான்?" என்று மெய்யான கவலையோடு கேட்டார். அவர் கெட்ட எண்ணங் கொண்டு கேட்டவரல்லர். ஆயினும், அக்கேள்வி அவர் ஒருவருடைய கேள்வியன்று. நம் ஜனங்களில் பலருடைய வாயிலும் மனத்திலும் இருப்பது. ஆகவே அதனை இங்கு எடுத்துக்கொள்ளுகிறோம்.

முதலில் பெண்ணைப் பற்றிச் சிறிது. அவளுடைய பாட்டனார், அதாவது நம் தந்தையார், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீட்டுமனை வந்தது. லயங்களை இடித்தபொழுது குடும்பம் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது. தமையனார் லாரி ஓட்டுகிறவர். அக்குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதற்பிள்ளை இவளே. எஸ்.டி.பி.எம். பரீட்சையில் நன்றாகவே தேறினாள்; ஆனால் மருத்துவப் படிப்புக்கு இடங் கிடைக்குமளவுக்குத் தேறவில்லை. உடனே ஏஜெண்டு ஒருவர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் குறைந்த செலவில் டாக்டராக்கி விடலாம், வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்தால் போதும் என்றார். தமையனார் கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவையும் எடுத்துவிட்டார். பெண்தான் மறுத்தாள். "அப்பா, எனக்கு நோயாளியைப் பார்ப்பதைவிட நோயைப் பார்க்கத்தான் ஆசை" என்றாள்.

நோயைப் பார்ப்பதென்றால் என்ன? டாக்டர் நாடி பார்க்கிறார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிறார், இன்ன வியாதியாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார். அவ்வூகம் மெய்யா பொய்யா என்று சொல்லும் இடமோ ஆஸ்பத்திரியின் ஒரு மூலையில், நோயாளியின் கண்ணிற் படாத அறைகளில் இருக்கிறது. இரத்த அணுக்களை எண்ணுவதும், அதிலுள்ள சர்க்கரையையும் உப்புகளையும் அளப்பதும், சளியிலும் சிறுநீரிலும் உள்ள கிருமியை வளர்த்து இனங் காண்பதும், அறுத்தெடுத்த சதையை மெழுகிற் பதித்து மயிரினும் மெல்லிய தகடாகச் சீவிச் சாயமேற்றுவதும், ஒருவர் இரத்தம் மற்றொருவர்க்குச் சேருமா என்று பார்ப்பதும் இப்படிப்பின் பிரிவுகள். இன்று யந்திரங்களே இவற்றுட் பெரும்பகுதியைச் செய்கின்றனவே, பின்னும் வருஷக்கணக்காய்ப் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவளையே கேட்டோம்.

அவள் ஓர் உதாரணம் சொன்னாள். அணுக்களை எண்ணுவதற்கு இரத்தம் பிடிக்கும் ஊதா மூடிக் குழாயில், இரத்தம் உறையாதிருக்க ஒரு மருந்து உண்டு. அது பொட்டாசிய உப்பு. யாரேனும் அவசரத்தில் அக்குழாயிலிருந்து சிறிது இரத்தத்தை வேறு குழாய்க்கு மாற்றிவிட்டால், யந்திரம் பொட்டாசியம் மிக அதிகம் என்று அச்சடித்துக் கொடுக்கும். அவ்வளவு பொட்டாசியம் மெய்யாகவே உடம்பில் ஏறியிருந்தால் இதயம் நின்றுபோகலாம். ஆகவே டாக்டர் பதறிப்போய் அதை இறக்க மருந்து கொடுப்பார், இல்லாத வியாதிக்கு! படித்தவர் பார்த்தால், பொட்டாசியம் ஏறிய அதே சீட்டில் கால்சியம் அளவுக்கு மீறி இறங்கியிருப்பதைக் கவனித்து, "இது நோயன்று, குழாயின் குற்றம்" என்று நிறுத்தி, மறுபடியும் இரத்தம் கேட்பார். யந்திரத்துக்கு எண் தெரியும். அவ்வெண் நம்பத்தக்கதா என்பது தெரியாது. சந்தேகப்படத் தெரிந்த மனிதரை உண்டாக்குவதே அப்படிப்பின் வேலை என்பது அவளுடைய கட்சி.

நிற்க. பெரியவருடைய கேள்விக்கு வருவோம். மலமும் இரத்தமும் தீட்டு என்று நம் முன்னோர் ஒரு கணக்கு வைத்திருந்தனர். அவற்றைத் தொட நேர்ந்த மக்களையும் தீட்டு என்று ஊருக்கு வெளியே நிறுத்தினர். கப்பலேறிக் கடல் கடந்தபொழுது எத்தனையோ உடைமைகளை விட்டுவிட்டு வந்த நாம், இதை மட்டும் மூட்டையில் பத்திரமாய்க் கட்டிக்கொண்டு வந்தோம். ஆனால், அத்தோட்டத்துத் தொழிலாளியின் மானத்தை ஒரு காலத்தில் காப்பாற்றியது எது? அவனுடைய மலந்தான் என்றால் வாசகர்கள் முகஞ் சுளிக்கக் கூடாது.

கூலி சோம்பேறி, பாதி நாள் படுத்துக்கிடக்கிறவன் என்று பேசிய துரைமார் உண்டு. அவனோ எழ முடியாமற் கிடந்தான். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் அனுப்பிய குழுவொன்று, டாக்டர் டார்லிங் என்பவர் தலைமையில், மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜித் தீவுகளிலும் கொக்கிப்புழுவைப் பற்றி ஆராய்ந்தது. இப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பில் ஏறும். பின்பு சிறுகுடலில் கவ்விக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். நூற்றுக்கணக்கில் புழு இருந்தால் மனிதன் வெளிறி, வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது சோம்பல். மலத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பவர்க்கோ முட்டைகள் தெளிவாய்த் தெரியும். நூறு வக்கீல்கள் வாதாடினாலும் நிலைநாட்ட முடியாத ஒன்றை அத்துளி நிலைநாட்டியது. தெரிந்த பின்னும் காலுக்குச் செருப்பும் லயத்துக்குக் கக்கூஸும் வந்து சேர எவ்வளவு காலம் பிடித்தது என்பது வேறு கதை. அதைச் சொல்லப் புகுந்தால் இக்கட்டுரை இங்கு முடியாது.

மலேரியாவும் அப்படியே. காய்ச்சல் என்று போனால் தோட்டத்து டிரெஸ்ஸர் கொயினா கொடுப்பார். எந்தக் காய்ச்சல் என்று பார்க்க அவரிடம் பூதக்கண்ணாடி இருப்பது அபூர்வம். 1897ஆம் வருஷம் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டார். 1900ஆம் வருஷம் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. இன்று மனிதரிடமிருந்து மனிதர்க்குத் தொற்றும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் இல்லை. 2018 முதல் ஒருவரும் இல்லை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் நோலெசி மலேரியா இருக்கிறது. அதன் கிருமி, பூதக்கண்ணாடியில், சாதுவான வேறொரு மலேரியாக் கிருமியைப் போலவே தோன்றும். ஆனால் இருபத்துநாலு மணிக்கொரு முறை பெருகி ஆளைக் கொல்லவுங் கூடும். சரவாக்கின் காப்பிட்டில் நெடுங்காலம் சாதுவென்று எழுதப்பட்டு வந்தவை இக்குரங்கு மலேரியாவே என்று பல்பீர் சிங் முதலானோர் 2004ஆம் வருஷம் மரபணுச் சோதனையால் நிரூபித்தனர். காட்டோரத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு இது பழங்கதையன்று.

நம் ஈப்போவுக்கே நேர்ந்ததை இனிச் சொல்லுகிறோம். 1998ஆம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில், கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் சிலர் கடுங்காய்ச்சலில் விழுந்து, நினைவு தப்பி மாண்டனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டப்பட்டது. சிலருடைய இரத்தத்தில் அதற்கான அறிகுறியும் தென்பட்டமையால் அம்முடிவைக் குற்றஞ் சொல்வதற்குமில்லை. கொசுவுக்குப் புகையடித்தார்கள், ஜனங்களுக்கு ஊசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிப்பது. இதுவோ பன்றியைக் கையாண்ட வயதுவந்த ஆண்களைப் பிடித்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் மாண்டனர். பன்றிகள் விலைக்குப் போன வழியே நோய் நெகிரி செம்பிலானுக்கும் போயிற்று.

1999ஆம் வருஷம் மார்ச்சு மாதம், மலாயாப் பல்கலைக்கழகத்துச் சோதனைச்சாலையில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாக் கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்ததை உயிரணுக்களில் இட்டு வளர்த்துப் பார்த்தார். அணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பெருங்கட்டிகளாயின. ஜப்பானியக் கிருமி செய்கிற வேலையாக அது தோன்றவில்லை. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபொழுது, உலகம் அதுவரை அறியாத ஒரு வைரஸ் என்று தெரிந்தது. அன்றுதான் கைகாட்டி கொசுவிலிருந்து பன்றிக்குத் திரும்பியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் நின்றது. அதற்குள் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டிருந்தனர். பழந்தின்னி வௌவாலே மூலம் என்பது பின்னர்த் துலங்கியது. இறந்தவர்களின் இரத்தத்தையும் மூளைநீரையும் யாரோ சிலர் கையுறை அணிந்து தொட்டிராவிட்டால், இன்னும் எத்தனை மாதம் கொசுவுக்கே புகை போட்டிருப்போம்?

இப்படிப்பு நம் பிள்ளைகளுக்கு எளிதிற் கிட்டுவதாயும் இல்லை. இதே பெயருள்ள பட்டப்படிப்பை நடத்தும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கதவு பூமிபுத்திரா மாணவர்க்கே திறக்கிறது. மற்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் உயிர்மருத்துவ அறிவியல் என்ற பெயரில் நெருங்கிய படிப்பு உண்டு. அங்கே போட்டி கடுமை. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் டிப்ளோமா படித்து, வேலையில் அமர்ந்து, பின்பு பட்டம் பெறுவோரும் உளர். அவ்வழியை இழிவாக நினைக்க ஒரு நியாயமுமில்லை. தனியார் கல்லூரியில் சேர்கிறவர்கள் கட்டணத்தை விசாரிக்கு முன்னரே அங்கீகாரத்தை விசாரிக்க வேண்டும். 2016ஆம் வருஷத்து 774ஆம் சட்டப்படி, இத்தொழிலைச் செய்வோர் மன்றத்திற் பதிந்துகொண்டாக வேண்டும். மன்றம் ஏற்காத பட்டம் சுவரில் மாட்டுவதற்கே உதவும். வர்ணப் படம் போட்ட விளம்பரத்தாளில் இது எழுதியிராது, கேட்டால்தான் தெரியும். பெண் தானே கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்; அதன் பிறகே தமையனார் பணம் கட்டினார். மீதிக்கு பி.டி.பி.டி.என். கடன்.

இப்பொழுது மூன்றாம் வருஷம். ஆஸ்பத்திரிப் பயிற்சி தொடங்கிவிட்டது. முதல் மாதம் சளிப் பிரிவில் இருந்தாள். நீலத் தரையில் சிவப்புக் கோல்களாய்க் கிடக்கும் காசநோய்க் கிருமியைப் படமாய் வரைந்து கொண்டுவந்து தகப்பனாருக்குக் காட்டினாள். அவர் அதை லாரியின் முன்கண்ணாடிக்கருகே செருகி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் குருதிப் பிரிவு. காலை ஏழு மணிக்கே அங்கிருக்க வேண்டுமாகையால், முதல் சுமை ஏற்றப் போகுமுன் அவரே அவளைக் கொண்டுபோய் விட்டு வருகிறார்.