ஹாரன் அடிக்காம கிளம்புற பஸ்

போன புரட்டாசியில நடந்தது. கரிசல்ல மழைக்கு முந்தியே புழுதி விதைப்பு முடிச்சிறணும். மண்ணு நனைஞ்சிட்டா காலை வைக்க முடியாது, செருப்பு செருப்பா அப்பிக்கிரும். விதை உளுந்து வாங்கப் பயிர்க்கடன் வேணும். ஒரு பேங்க் சைட்ல, பேரு வேண்டாம், செல்போன்லயே விண்ணப்பிக்க உட்கார்ந்தேன்.

எனக்கு மூணு துண்டு நிலம். மூணு சர்வே நம்பர், உட்பிரிவு வேற. ஒத்தை விரலால தட்டி ரெண்டு துண்டை முடிச்சேன். மூணாவது பட்டாவுக்கு டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சு எடுத்துட்டு வந்து பார்த்தா, 'செஷன் எக்ஸ்பயர்டு'. எழுதினது பூராவும் போச்சு. அன்னைக்கு மட்டும் மூணு தடவை இப்படி. வெறுத்துப்போய் ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகல.

சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அண்ணன் மகன்கிட்ட போன்ல புலம்பினேன்.

"சித்தப்பா, சைட்டுக்கு உங்க முகம் ஞாபகம் இருக்காது. உள்ள வரும்போது ஒரு டோக்கன் கொடுக்கும். அதுக்குக் கெடு உண்டு. பி.எச்.பி.ல யாரும் மாத்தலைன்னா 1440 நொடி, அதாவது 24 நிமிஷம். பேங்க்காரங்க இன்னும் குறைச்சு வைப்பாங்க. நீங்க தட்டுறது உங்க போன்லதான் இருக்கும். அனுப்புற வரைக்கும் நீங்க சும்மா இருக்கீங்கன்னுதான் அது நினைக்கும்."

கெடு வேண்டாம்னு நானும் சொல்லமாட்டேன். கோவில்பட்டியில ஒரு பிரவுசிங் சென்டர்ல, முன்னால இருந்தவரு மூடாமப் போன கணக்கு என் கண்ணு முன்னால திறந்து கிடந்தது. இருப்புத் தொகை வரைக்கும் தெரிஞ்சது. நான் மூடிட்டேன். எல்லாரும் மூடுவாங்களா?

ஆனா எங்க ஊரு மினி பஸ்கூட ஹாரன் அடிச்சிட்டுத்தான் கிளம்பும். வெப்சைட்டுகளுக்கு உலக அளவுல வழிமுறை வகுக்கிற டபிள்யூ3சி 2008லயே இதைச் சொல்லிட்டதாம். நேரம் முடியறதுக்கு முந்தி எச்சரிக்கை கொடு, குறைஞ்சது 20 நொடி விடு, ஒரு பட்டனை அமுக்கினா நீட்டிக் கொடு. திரும்ப உள்ள வந்தா எழுதினது அப்படியே இருக்கட்டும்னும் அதுல இருக்காம்.

நாலாவது தடவை பட்டா, பாஸ்புக் எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். முடிஞ்சது. பணம் வந்து ரெண்டு துண்டு விதைச்சேன். மூணாவதுல இறங்கும் முந்தி மழை இறங்கிருச்சு. ஈரம் வடிஞ்சு பதம் வர்ற வரைக்கும் வரப்புல நின்னு பார்த்துக்கிட்டே கிடந்தேன்.

இதை வாசிக்கிற உங்கள்ல சில பேரு இந்த மாதிரி சைட்டு செய்யறவங்களா இருப்பீங்க. பூட்டுங்க, வேணாங்கல. பூட்டும் முந்தி ஒரு ஹாரன் அடிங்க.