செல்ஃப் எடுக்கல!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போய் இறங்கினா நீங்க முதல்ல எதைப் பார்ப்பீங்க? நான் வாசலைப் பார்த்தேன். எங்க பழைய காரைக் காணோம்.

"கார் எங்கப்பா?"

"பிள்ளையார் கோயில் மேட்டுல நிக்குது. அங்கதான் நிழலு."

காலை ஆறு மணிக்கு நிழல் தேடுற மனுஷனை நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னது அம்மாதான். ரெண்டு மாசமா செல்ஃப் சரியா எடுக்கலையாம். மெக்கானிக் புது மோட்டார் மாத்தணும்னு ஆறாயிரத்துக்கு மேல சொல்லியிருக்கார். அது எனக்கு ஃபீஸ் கட்டுற மாசம். "அப்புறம் பாத்துக்கலாம்"னு அப்பா விட்டுட்டார். போன வருஷம்தான் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. பாரம் தூக்காதீங்க, எதையும் தள்ளாதீங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால காரைத் தள்ளாம ஸ்டார்ட் பண்ண அப்பா கண்டுபிடிச்ச வழிதான் அந்த மேடு. ஹேண்ட் பிரேக்கை எடுத்து உருளவிட்டு, செகண்ட் கியர்ல கிளட்சை விட்டா என்ஜின் பிடிச்சுக்கும்.

கேட்க சாமர்த்தியமா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம காரில் பிரேக்கை லேசா மிதிச்சாலே பிடிக்கக் காரணம் வேக்குவம் பூஸ்டர். அந்த வேக்குவம் என்ஜின் ஓடினாத்தான் கிடைக்கும். ஓடாத என்ஜினோட இறக்கத்தில் உருண்டு வரும்போது, பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் தீர்ந்துட்டா பெடல் கல்லு மாதிரி ஆகிடும். அந்த மேட்டுக்குக் கீழே இருக்கிறது மெயின் ரோடு.

வாரம் ரெண்டு தடவை போன்ல பேசுறோம். "வண்டி எப்படிப்பா?"ன்னு கேட்டா "நல்லா ஓடுது"ம்பார். பொய் இல்லைதான். ஓடுறதில் பிரச்சினை இல்லை, கிளம்புறதில்தான் பிரச்சினை.

சரி, நான் மூணாம் வருஷம் டிரிபிள்-ஈ. மெஷின்ஸ் பேப்பர்ல நல்ல மார்க். "நானே மாத்துறேன்"னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்துச்சு.

நம்ம ஊர்ல ஏன் அதை 'செல்ஃப்'னு சொல்றோம் தெரியுமா? ஆரம்ப காலத்துல காருக்கு முன்னாடி இரும்பு ஹேண்டிலைச் செருகி, ஆள் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். என்ஜின் எதிர்த்து உதைச்சா மணிக்கட்டு உடையும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்க என்ஜினீயர் உருவாக்கின மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் காரில் வந்தது. ஆள் சுத்த வேண்டாம், தானே சுத்திக்கும். அதான் செல்ஃப் ஸ்டார்ட்டர். நாம பின்பாதியை விட்டுட்டு முன்பாதியை மட்டும் வெச்சுக்கிட்டோம்.

வேலை இதுதான்: சாவியைத் திருப்பினா ஒரு மெல்லிய ஒயர் வழியா சோலினாய்டுக்குக் கரன்ட் போகும். அது ரெண்டு காரியம் பண்ணும். மோட்டாரோட சின்னப் பல்சக்கரத்தை முன்னால தள்ளி, ஃப்ளைவீலைச் சுத்தி இருக்கும் பெரிய ரிங் கியரில் மாட்டிவிடும். அதே சமயம் பேட்டரியிலிருந்து வரும் தடிமனான கேபிளை மோட்டாரோடு இணைக்கும். மோட்டார் சுத்த ஆரம்பிக்கும் கணத்தில் பேக் இ.எம்.எஃப். பூஜ்யம், அதனால கரன்ட் எக்கச்சக்கம். பரீட்சையில் இதை எத்தனை தடவை எழுதியிருப்போம்!

அப்பா காரை உருட்டி ஸ்டார்ட் பண்ணி வாசலுக்குக் கொண்டு வந்தார், பக்கத்து சீட்டில் நான். அன்னைக்கு அந்த இறக்கத்தில் எனக்கு வியர்த்தது.

என்ஜினை அணைச்சுட்டு சாவியைத் திருப்பினேன். 'டக்'. அவ்வளவுதான். இந்த 'டக்'கைக் கவனிங்க. சோலினாய்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்போ ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்க. சாவியைத் திருப்பும்போது லைட் மங்கிப் போனா, பெரும்பாலும் பேட்டரி வீக், இல்லைன்னா மோட்டார் இறுகியிருக்கு. எங்க கார்ல லைட் அசையவே இல்லை. மீட்டரில் பேட்டரி 12.5 வோல்ட், சாவியைத் திருப்பினாலும் 12.4. அதாவது மோட்டார் கரன்ட்டே இழுக்கல. அப்பா இறங்கி வந்து, சுத்தியலோட மரக்காம்பால் மோட்டாரை லேசா ரெண்டு தட்டு தட்டினார். "இப்போ திருப்பு." சுத்துச்சு! தேய்ந்த கார்பன் பிரஷ் அதிர்ச்சியில் கம்யூட்டேட்டரைத் தொட்டதுதான் காரணம். நீங்களும் தட்டுறதா இருந்தா மெதுவா தட்டுங்க. இப்போ நிறைய கார்களில் ஃபீல்டு காயிலுக்குப் பதிலா நிரந்தரக் காந்தம். ஓங்கி அடிச்சா காந்தம் உடையும்.

பிரஷ் மட்டும் மாத்தலாமான்னு ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கேட்டேன். கம்யூட்டேட்டரும் தேய்ஞ்சிருக்கும்னு சொல்லி, பழசைக் கொடுத்தா 2,800 ரூபாய்க்கு ரீகண்டிஷன் பண்ணின மோட்டார் தர்றதா சொன்னார்.

கழட்டும்போது முதல் வேலை, பேட்டரியில் நெகட்டிவைக் கழட்டுறது. இதைத் தயவுசெஞ்சு மறக்காதீங்க. ஸ்டார்ட்டருக்கு வர்ற தடி கேபிளில் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. சாவி ஆஃப்ல இருந்தாலும் அதில் கரன்ட் உண்டு. ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டா வெல்டிங்தான். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், டயருக்கு முன்னும் பின்னும் கல். எங்க கார்ல பேட்டரியையும் தட்டையும் எடுத்துட்டா மேலேயிருந்தே கை எட்டியது. கீழே படுத்துத்தான் கழட்டணும்னா வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீங்க, ஸ்டாண்ட் போடுங்க.

மோட்டாரைப் பிடிச்சிருக்கிறது ரெண்டே போல்ட். ஒண்ணு வந்துடுச்சு. இன்னொண்ணு துருப்பிடிச்சு அசையல. துரு எடுக்கும் ஆயிலை அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விட்டோம். காலையில் அப்பா ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "அப்பா, நீங்க சேர்ல உக்காருங்க." முறைச்சார். உக்காந்தார். கடைசி போல்ட் வரும்போது மோட்டாரைக் கீழே தாங்கிப் பிடிக்கணும். அந்த வெயிட்டை நான் எதிர்பார்க்கல. விரல் நசுங்கினது ஒரு வாரம் வலிச்சது.

கடையில் பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். பல்சக்கரத்தில் பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, டெர்மினல் இருக்கும் பக்கம், மூணும் சரி. பளபளன்னு கறுப்புப் பெயின்ட் வேற. வந்து மாட்டினேன். மீட்டரை கன்டினியூட்டியில் வெச்சு எல்லா இணைப்பையும் பார்த்தேன். 'பீப், பீப்'. எல்லாம் ஓகே. சாவியைத் திருப்பினேன்.

"உர்ர்... உர்ர்... உர்..."

கிழவன் இருமுற மாதிரி சுத்தி நின்னுடுச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல. "பழசே தேவலையோ?"ன்னு மட்டும் கேட்டார். அம்மா உள்ளே போயிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடும் போல இருந்துச்சு. 2,800 ரூபாய் போச்சு, மறுபடியும் மேடுதான்னு நினைச்சேன்.

சாப்பிட்டுட்டு வந்து யோசிச்சேன். கன்டினியூட்டி டெஸ்டில் மீட்டர் அனுப்புறது துளி கரன்ட். ஸ்டார்ட்டர் கேட்கிறது நூறு ஆம்பியர் அளவு. அப்போ லோடு இருக்கும்போதுதானே அளக்கணும்? ஃப்யூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு, அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அஞ்சு விநாடிக்கு மேல வேண்டாம்னு சொல்லி வெச்சேன், மோட்டார் சூடாகிடும். சுத்தும்போது பேட்டரியில் 10.4 வோல்ட். பாசிட்டிவ் கேபிளில் இழப்பு 0.2 தான். பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் 0.1. பிளாக்குக்கும் ஸ்டார்ட்டர் பாடிக்கும் நடுவில்? 2.0 வோல்ட்!

புரிஞ்சுதா? ஸ்டார்ட்டருக்குத் தனியா நெகட்டிவ் ஒயர் கிடையாது. அதோட உடம்புதான் எர்த். கடைக்காரர் அழகுக்காக அடிச்ச பெயின்ட், பிளாக்கில் உக்காரும் முகத்திலும் போல்ட் தலை உக்காரும் இடத்திலும் சேர்ந்து படிஞ்சிருந்தது. நூறு ஆம்பியருக்கு 2 வோல்ட்னா 0.02 ஓம். என் மீட்டர் அதைப் பூஜ்யம்னுதான் காட்டும், 'பீப்'னுதான் கத்தும்.

மறுபடி கழட்டி, உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சேன். பிளாக் பக்கத்துத் துருவையும் எடுத்தேன். மாட்டினேன். இந்தத் தடவை சாவியை அப்பாவே திருப்பட்டும்னு நின்னேன்.

ஒரே திருப்பு. பிடிச்சுக்கிச்சு.

அப்பா உடனே இறங்கல. என்ஜினை அணைச்சார். மறுபடி போட்டார். திரும்ப அணைச்சு, திரும்பப் போட்டார். நாலு தடவை. அப்புறம் "டீ போடச் சொல்லு"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி கார் வாசலில் நின்னுச்சு. எனக்குத் தூக்கம் வரல. ரெண்டு மாசமா நான் போன்ல பண்ணினதும் அதே பீப் டெஸ்ட்தான். "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன்." கன்டினியூட்டி ஓகே. அந்தப் பக்கம் எவ்வளவு பாரம் இழுக்குதுன்னு நான் அளக்கவே இல்லை.

இந்த லீவுக்கு நீங்க ஊருக்குப் போனா, வீட்டு வண்டியில் ஒரு தடவை நீங்களே சாவி போட்டுப் பாருங்க. அது எங்கே நிக்குது, ஏன் அங்கே நிக்குதுன்னும் கேளுங்க.