வில் போச்சு, கூர் இருக்கு! – வெள்ளக்கடையில் ஒரு சாணைக்கல் பயணம்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் எதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள்? படகுத் துறையின் சத்தம், மிளகாய் பஜ்ஜிக் கடையின் எண்ணெய்ச் சத்தம், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாரன் சத்தம். கொஞ்சம் தள்ளி, வெள்ளக்கடை பக்கம் காலையில் நடந்தால் இன்னொரு சத்தம் காதில் விழும். சர்ர்ர்... சர்ர்ர்... கல்லில் இரும்பு உரசும் சத்தம்.

தோட்ட வேலைக்குக் கிளம்பும் முன் கொடுவாளையும் கவாத்துக் கத்தியையும் தீட்டுகிறார்கள். பார்க்கச் சாதாரண வேலை. ஆனால் இந்த மலையில் கூர் தீட்டுவதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. கல் கோடரியில் தொடங்கி, அம்பு முனை வழியாக, இன்று காபிச் செடியின் கிளை வரை வந்து நிற்கும் கதை அது.

ஊர் எங்கே இருக்கிறது?

சேலம் மாவட்டம், ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளில் ஒன்று வெள்ளக்கடை. சேர்வராயன் மலை முழுக்கவே மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது. பேசுவது தமிழ்தான்.

இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதில் வேட்டை நாய்களும் வருகின்றன. வழி தவறிய நாய்கள் ஊருக்குத் திரும்பிவிட, தங்கள் கணவன்மார் இறந்துவிட்டதாக மனைவிகள் நினைத்துக்கொண்டார்களாம். அதனால் அண்ணன் தம்பிகள் மலையிலேயே தங்கிவிட்டார்கள் என்று கதை போகிறது. ஊர் உண்டான கதையிலேயே வேட்டை இருக்கிறது பாருங்கள்.

பிள்ளையாருக்குப் பக்கத்தில் கல் கோடரி

இந்தியாவின் கற்கால ஆய்வுக்குத் தொடக்கம் வைத்தவர் என்று போற்றப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவர் பிற்காலத்தில் வந்து வாழ்ந்த ஊர் ஏற்காடு. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்த அவரது அஸ்தி, ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்தான் இருக்கிறது. தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பீட்டர் பெர்சிவல் அவருடைய மாமனார். அவரும் இதே ஊர் மண்ணில்தான் அடக்கமாகியிருக்கிறார்.

சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்துக் கல் கோடரிகள் நிறையக் கிடைத்தன. வழவழவென்று தேய்த்து, ஒரு முனை மட்டும் கூராக்கப்பட்ட கற்கள். மலை மக்கள் அவற்றை எடுத்துவந்து பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கியதை அந்தக் கால ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஃபூட் சேகரித்த கருவிகளை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது.

அந்தக் கோடரியைக் கூராக்கியது எப்படி? பாறையில் தண்ணீர் விட்டு, பொறுமையாகத் தேய்த்துத்தான். இன்று வெள்ளக்கடையில் தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்துக் கொடுவாளை உரசும் கையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இரும்பு ஊர் சேலம்

மலையிலிருந்து இறங்கினால் சேலம். அதன் மேற்கே கஞ்சமலை. காந்தம் ஒட்டும் இரும்புத் தாது நிறைந்த மலை. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தியது சேலத்துத் தாதுவை நம்பித்தான். அதற்கு வெகுகாலம் முன்பே உள்ளூர்க் கொல்லர்கள் துருத்தி ஊதி, கரியைப் போட்டு இரும்பை உருக்கிக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு காலம் முன்பு? மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்த இரும்பு வாள் சுமார் 3,500 ஆண்டு பழையது என்று கணிக்கப்பட்டிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் இரும்பு 4,200 ஆண்டு பழையது என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ ஆய்வறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையை வைத்து இதை 5,300 ஆண்டுகளுக்குக் கொண்டுபோனது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்புப் பொருட்களில் வாள், ஈட்டியோடு அம்பு முனைகளும் உண்டு.

இரண்டு அலகு ஏன்?

அம்பு முனையில் பல வகை. மரபு வில்லுக்கு ஏற்றது என்று உலகம் முழுக்க வில்லாளர்கள் சொல்வது, இலை வடிவில் தட்டையாக, இரு பக்கமும் கூராக இருக்கும் இரண்டு அலகு முனையைத்தான்.

காரணம் எளிது. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் அடிக்கிறது. அம்பு அப்படி இல்லை, அறுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். மூங்கிலிலோ மரத்திலோ செய்த வில்லின் வேகம் கொஞ்சம்தான். மூன்று நான்கு அலகு இருந்தால் உரசல் கூடி, பாதியில் நின்றுவிடும். இரண்டு அலகு என்றால் தடை குறைவு. நீளம், அகலத்தைப்போல மூன்று மடங்கு இருப்பது நல்லது என்பது பழைய கணக்கு. குட்டையாக அகலமாக இருந்தால் திணறும், நீண்டு ஒடுங்கியிருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். முனை கொஞ்சம் கனமாகவும், தண்டோடு ஒரே நேர்க்கோட்டிலும் இருக்க வேண்டும். கோணலாகப் பொருத்தினால் எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை.

சங்கப் புலவர் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் கதை நம்மில் பலருக்கும் தெரியும். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துக்கொண்டு போனதாம். அந்த ஓரி ஆண்ட கொல்லிமலையும் மலையாளி மக்களின் மலைதான். பாட்டில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் ‘துளைத்துப் போவதுதான் நல்ல அம்பு’ என்ற அறிவு அதில் இருக்கிறது.

தீட்டும் முறை

அம்பு முனையோ கவாத்துக் கத்தியோ, கூராக்கும் படிகள் ஒன்றுதான்.

முதலில் அரம். அலகின் இரு பக்கமும் ஒரே சாய்வாக, சுமார் 20 முதல் 25 டிகிரிக்குள் ராவ வேண்டும். சாய்வு அதிகம் படுத்தால் கூர் மெலிந்து மடங்கும். நிமிர்ந்தால் வெட்டாது.

அடுத்தது கல். சொரசொரப்பான பக்கத்தில் ஒரு புறத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால், மறுபுற விளிம்பில் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது தட்டுப்பட்டால்தான் கூர் விளிம்பு வரை வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு திருப்பிப்போட்டு, வழவழப்பான பக்கத்தில் அழுத்தம் குறைத்து மாற்றி மாற்றி இழுக்க வேண்டும்.

கடைசியாகத் தோல். பழைய பெல்ட் போதும். கூர்ப் பக்கம் பின்னால் இருக்கும்படி இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் அறுந்தால் வேலை முடிந்தது.

கைமெஷினில் தீப்பொறி பறக்கத் தேய்ப்பவர்கள் கவனிக்க: இரும்பு நீலமாக மாறினால், கொல்லர் உலையில் போட்ட துவைச்சல் போச்சு. அந்த இடம் மறுபடி கூர் நிற்காது.

மழுங்கிய அம்போடு வேட்டைக்குப் போவது அந்தக் காலத்தில் வெறும் சோம்பேறித்தனம் இல்லை, பாவம். கூர் அம்பு பட்ட விலங்கு சீக்கிரம் விழும். மழுங்கியது பட்டால் அது காயத்தோடு ஓடி, எங்கோ புதருக்குள் நாள் கணக்கில் துடிக்கும்.

வில் எங்கே போச்சு?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றம், பிடிபட்டால் சிறை. வில்லாக இருந்தாலும் கண்ணியாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

இன்று சேர்வராயன் மலையில் காட்டெருமை தோட்டத்துக்குள் நிற்பது சகஜம். காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டிவிட்டுப் போகிறது. ஒரு ராத்திரியில் ஒரு வருஷ உழைப்பை இழக்கும் விவசாயிக்குக் கோபம் வராதா? 2025-ல் காட்டுப்பன்றி விஷயத்தில் அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம். அதுவும் வனத்துறையினர் மட்டும். காட்டை ஒட்டி வாழும் மலைக் கிராமத்துக்கு இதில் கிடைக்கும் ஆறுதல் குறைவுதான். ஆனாலும் தாத்தாவின் அம்பை எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. ஒரு மலையில் வேட்டை நின்றதால்தான் பல உயிர்கள் மிச்சம் இருக்கின்றன.

கூர் எங்கே போச்சு?

அது காபிச் செடிக்கு வந்துவிட்டது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்தது காபி. பழம் பறித்து முடிந்ததும் கவாத்து. அங்கேதான் கூரின் அருமை தெரியும். கூர்க் கத்தி ஒரே இழுப்பில் வெட்டினால் காயம் சீக்கிரம் ஆறும். மழுங்கிய கத்தி பட்டையை நார் நாராகக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் தண்ணீர் தங்கும், அழுகல் பிடிக்கும், கிளையே காயும். மிளகுக் கொடி ஏறும் சில்வர் ஓக் மரத்தின் கிளை கழிக்கும்போதும் இதே கதைதான்.

காயம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது வேட்டைக்காரனின் பாடம். விலங்குக்குச் சொன்னது இப்போது செடிக்குப் பொருந்துகிறது. ஆனால் மெஷின் கத்தரி வந்த பிறகு கல்லில் தீட்டத் தெரிந்த கைகள் குறைகின்றன. மழுங்கினால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கும் பழக்கம் மலைக்கும் ஏறிவிட்டது. வில்லைச் சட்டம் நிறுத்தியது. தீட்டுக்கல்லை நிறுத்த யாரும் சொல்லவில்லை, அது தானாக மூலைக்குப் போகிறது.

போகிறவர்களுக்கு...

சேலத்திலிருந்து பஸ்ஸில் ஏற்காடு, அங்கிருந்து உள்ளூர் பஸ் அல்லது சொந்த வண்டி. பகலிலேயே திரும்பிவிடுங்கள், இருட்டினால் காட்டெருமை நடமாட்டம் இருக்கும். மே மாதம் என்றால் சேர்வராயன் கோயில் திருவிழாவையும் பார்க்கலாம். யாராவது கத்தி தீட்டுவதைக் கண்டால் உடனே போனைத் தூக்க வேண்டாம். “அண்ணா, பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அரிவாள்மனையையும் ஒருமுறை தீட்டிப் பாருங்கள். தக்காளி நசுங்காமல் அறுபடும்போது, வெள்ளக்கடையின் அந்த ‘சர்ர்ர்’ ஞாபகம் வரும்.