தொட்டிக்குள் ஓர் அல்லூர்

"மாமா, மறுபடியும் செடியெல்லாம் அழுகிப் போச்சு. மீனும் ரெண்டு செத்துப் போச்சு. அம்மா தொட்டியையே தூக்கிக் கடாசப் போறாங்களாம்."

அக்காள் மகன் தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னான். விஷயம் பெரிதல்லதான். ஆனாலும் தோட்டத்து அல்லூரில் மீன் பிடித்துப் போத்தலில் வளர்த்தவனுக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிள்ளானில் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸுக்குப் புறப்பட்டுவிட்டேன்.

இது வயதான பாதை. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரைக்கும் போட்டார்கள். ஆற்றைத் தாண்டிக் கிள்ளான் நகருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இன்று ஷா ஆலம், சுபாங் ஜெயா என்று ஜன்னலோரம் ஓடும் கட்டடங்கள் நிற்கிற மண்ணில் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்றன. சுபாங் ஜெயாவே சீஃபீல்டு தோட்டத்தில் எழுந்த ஊர். தோட்டம் என்றால் அல்லூர் இருக்கும். அல்லூர் என்றால் பாசியும் மீனும் இருக்கும். அந்த அல்லூர்களில் பல இன்று சிமெண்டுக் கால்வாய்.

லயத்துப் பிள்ளைகளுக்கு அப்போது மீன் தொட்டி என்பது ஹார்லிக்ஸ் போத்தல்தான். ஒரு போத்தலுக்கு ஒரு சண்டை மீன். "வெறுந்தண்ணியில விடாதடா, கொஞ்சம் வேலம்பாசி போடு" என்பார் அம்மா. மீன் மாதக்கணக்கில் இருக்கும். எங்கள் கைராசி என்று பெருமை அடித்துக்கொள்வோம். உண்மையில் அந்த மீன் மேலே வந்து காற்றையே உறிஞ்சிச் சுவாசிக்கும் ஜாதி. பெருமையில் பாதி அதற்குத்தான் சேரும்.

நாலாவது மாடியில் அக்காள் வாசலிலேயே நின்றாள்.

"வந்தியா தம்பி? இந்தக் குளத்தை நீயே எடுத்துக்கிட்டுப் போ."

இரண்டடி நீளத் தொட்டி. நீலமும் சிவப்புமாகச் சாயக் கற்கள், ஒரு பிளாஸ்டிக் கோட்டை, அழகுக்கு ஒரு நீல விளக்கு. மேற்கு ஜன்னலை ஒட்டி வைத்திருந்ததால் சாயங்கால வெயில் நேரே அடித்துக் கண்ணாடி முழுதும் பச்சைப் பாசி. தண்ணீரோ தொட்டால் சுட்டது.

"எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணி மாத்துறே?"

"தினமும், முழுசா."

"செடி வேர் விட்டிருக்கான்னு எப்படிப் பார்த்தே?"

"பிடுங்கித்தான்."

பையனைக் கோபித்துப் பயனில்லை. செடி வாங்கும்போது இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவன் வாங்கி வந்ததில் ஒன்று கிரிப்டோகோரைன். நாம் சமைக்கும் சேப்பங்கிழங்கின் உறவு, சேம்புக் குடும்பம். தீபகற்ப மலேசியாவின் காட்டு ஓடைகளிலும் சதுப்புக் காடுகளிலும் இதில் பல வகை உண்டு. ஒரு வகை கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்றங்கரைச் சேற்றிலேகூட வளரும். தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் 'நாட்டு அதிவிடயம்' என்று விற்கும் வேரும் இந்த இனம்தான். 1779-இல் ஸ்வீடன் நாட்டு ரெட்சியஸ் இந்தியாவிலிருந்து வந்த அந்தச் செடிக்குத்தான் முதலில் பெயரிட்டு எழுதி வைத்தார்.

இந்தச் செடிக்கு ஒரு குணம். இடம் மாறினால், தண்ணீர் மாறினால், வெளிச்சம் மாறினால் இலையெல்லாம் கூழாகக் கரைந்துவிடும். செத்ததென்று எண்ணி நாம் தூக்கி எறிவோம். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். அழுகிய இலையை மட்டும் கிள்ளிவிட்டு மூன்று நான்கு வாரம் தொடாமல் இருந்தால் புது இலை வரும். பையன் இரண்டு தடவை எறிந்தது உயிருள்ள செடியை!

இன்னொன்று ஜாவா பெரணி. பாறையைப் பற்றி வளர்வது. அதன் தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகும். கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட்டால் போதும், வேர் தானே பிடித்துக்கொள்ளும்.

சாயக் கற்களை அள்ளிவிட்டுக் கழுவிய மணலை இரண்டு அங்குலம் பரப்பினோம். கோட்டை மட்டும் போகவில்லை, பையன் விடவில்லை. தொட்டியை ஜன்னலை விட்டு நகர்த்தினோம். நீல விளக்குக்குப் பதில் வெள்ளை விளக்கு, நாளுக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் பாசிக்குத்தான் விருந்து. தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, கால் பங்கு மட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனுக்கு ஆகாது. வாளியில் ஒரு நாள் வைத்தால் அது போய்விடும். ஆனால் குளோராமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது, அதற்கு மருந்து சொட்டு விட்டே ஆகவேண்டும்.

"செடி இருந்தா மூச்சுக் காத்து கிடைக்கும்னுதானே சொல்றாங்க? அப்புறம் ஏன் காலையில மீன் செத்துக் கிடந்துச்சு?" என்று கேட்டாள் அக்காள். நல்ல கேள்வி. வெளிச்சம் இருக்கும் வரைதான் செடி பிராணவாயு தரும். இருட்டில் அதுவும் மீனைப் போல அதே வாயுவை இழுக்கும். அழுகும் இலையும் இழுக்கும். சூடான தண்ணீரில் அந்த வாயு ஏற்கெனவே குறைவு. இவ்வளவு மீனை இச்சிறு தொட்டியில் அடைத்தால் விடியற்காலையில் மூச்சு முட்டாதா? ஆனால் மீனின் கழிவில் வரும் அம்மோனியா விஷத்தைச் செடி உணவாக எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் செடி அதைச் செய்யாது.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞருக்கும் இதே பாடுதான். இரண்டு தங்கமீனையும் வாலிஸ்நேரியா என்னும் நாடாப் பாசியையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தார். இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850-இல் அதை எழுதி வெளியிட்டார்.

"மாமா, தோட்டத்து அல்லூர்ல போய்ப் பிடுங்கிட்டு வந்துட்டா காசு மிச்சமில்ல?" என்றான் பையன். வேண்டாம் என்றேன். மிச்சமிருக்கும் சதுப்பு கொஞ்சம். முக்கோணக் கறுப்புப் பட்டையும் செம்புநிறமுமாக ஒரு குட்டி மீன், ஹார்லிக்வின் என்பார்கள். நம் நாட்டு மீன். இந்தச் செடியின் இலைக்கு அடியில் தலைகீழாகத் திரும்பித்தான் முட்டையை ஒட்டும். இலையைப் பறித்தால் அது எங்கே போகும்? அதேபோல் அதிகமான செடியை ஆற்றிலோ கால்வாயிலோ கொட்டவும் கூடாது. தென் அமெரிக்காவின் கபோம்பா, தொட்டிக்கு அழகாக இருக்கும் செடி, பகாங்கின் சினி ஏரியில் பரவி நாட்டுச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. வேண்டாத செடியைக் காயவைத்துக் குப்பையில் போடுவதே சரி.

மாலை ரயிலில் திரும்பினேன். நாலு வாரம் கழித்து மீண்டும் தொலைபேசி.

"மாமா, ரெண்டு இலை வந்திருக்கு. பச்சையும் இல்ல, பழுப்பும் இல்ல, ஒரு மாதிரியா இருக்கு."

"அப்படித்தான் வரும். பிடுங்கிப் பார்க்கலையே?"

"இல்ல மாமா."

பின்னாலிருந்து அக்காளின் குரல் கேட்டது: "தொட்டியைச் சாமி மாடத்துக்குப் பக்கத்துல வைக்கலாமான்னு கேளுடா."

அங்கே வெயில் படுமா என்று கேட்டேன்.