ஒல்லிக் கால் மாளிகைகள்

ஆமதாபாத் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு முதலில் துணிமணிதான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் ‘இந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பேரெடுத்த ஊராயிற்றே! காந்திஜியின் சபர்மதி ஆசிரமம் அங்கேதான். கல்லிலே கோலம் போட்டாற்போல் ஜன்னல் செதுக்கிய சீதி சையத் மசூதியும் அங்கேதான். ஆனால் இந்தத் தடவை நான் அங்கே அதிகமாகப் பார்த்தது, அடுக்குமாடிக் கட்டடங்களின் கால்களை!

சபர்மதி நதியின் கிழக்குக் கரையில் பழைய நகரம். ‘போள்’ என்று சொல்லும் குறுகலான சந்துகளில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. செங்கல் சுவருக்குள் மரச் சட்டங்கள். கூடத்தில் தவறாமல் ஓர் ஊஞ்சல். 2017-ல் இந்த நகரை உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. பாலத்தைக் கடந்து மேற்கே போனால் வேறு உலகம். வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். மேலே வீடுகள், கீழ்த்தளத்தில் சுவரே இல்லை. தூண்கள் மட்டும், நடுவே ஸ்கூட்டர்களும் கார்களும். நம் சென்னையிலும் பார்க்கிற காட்சிதான்.

2001 ஜனவரி 26. குடியரசு தினம். காலை 8 மணி 46 நிமிஷம். கட்ச் பிரதேசத்தில் பூமி குலுங்கியது, அளவு 7.7. குஜராத்தில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆமதாபாத் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் அங்கே 100-க்கும் அதிகமான கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தன. 700-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. போள் வீடுகளோ பெரும்பாலும் தப்பி நின்றன!

இது என்ன விந்தை? பூகம்ப அலை வெகுதூரம் வரும்போது வேகமான நடுக்கம் அடங்கிவிடும். நிதானமான ஆட்டம் மட்டும் மிஞ்சும். நதி கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். அதற்கு இசைந்து ஆடுபவை உயரமான கட்டடங்களே.

சரி, உயரமானவை எல்லாம் விழவில்லையே? அங்கேதான் கால்களின் கதை வருகிறது. ஒல்லிக் கால் மேஜைமேல் ஓர் இரும்புப் பீரோவை ஏற்றி, மேஜையை ஆட்டிப் பாருங்கள். பீரோ வளையாது, மேஜைக் கால்தான் மடங்கும். மாடிகளில் தூண்களுக்கு இடையே செங்கல் சுவர் நிரம்பியிருப்பதால் அவை பீரோ போல விறைத்து நிற்கின்றன. அசைவு முழுவதும் சுவரில்லாத கீழ்த்தளத்தின் தலையில் விழுகிறது. தூண்கள் உச்சியிலும் அடியிலும் முறிகின்றன. மேல் மாடி அப்படியே கீழே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஓர் அடுக்குமாடியில் என்னை வரவேற்ற குஜராத்தி அம்மாள், முதலில் தேநீர் தந்தார். பிறகு கீழே அழைத்துப் போனார். தூண்களைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பருமனாக்கியிருந்தார்கள். நான்கு மூலைகளிலும் தூணுக்குத் தூண் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள்.

“இதனால் இரண்டு கார் நிறுத்தும் இடம் போயிற்று. கூட்டம் போட்டு ஒரு வருஷம் சண்டை!” என்று சிரித்தார்.

“யார் ஜெயித்தது?” என்றேன்.

“கார் தெருவில் நிற்கலாம், பென். ராத்திரி குழந்தைகளைத் தெருவில் படுக்கவைக்க முடியுமா? அந்த ஜனவரியில் எத்தனை நாள் அப்படிப் படுத்தோம், தெரியுமா?” என்றார். ‘பென்’ என்றால் சகோதரி. அவர் குரலில் சிரிப்பு இல்லை.

அந்தப் பூகம்பத்துக்குப் பிறகு, 2002-ல் இந்தியத் தர விதிகள் திருத்தப்பட்டன. கீழ்த்தளம் திறந்திருந்தால், அதன் தூண்களையும் உத்திரங்களையும் கணக்கிட்ட பூகம்ப விசையைப் போல் இரண்டரை மடங்கு தாங்குமாறு அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபுறமும் சமமாகக் கான்கிரீட் சுவர்கள் வேண்டும் என்றார்கள். 2016 திருத்தத்தில் பிடி இன்னும் இறுகியது.

“நமக்கெதற்கு இது?” என்று கேட்காதீர்கள். 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக் கடலுக்கு அப்பால் 5.5 அளவில் பூமி நடுங்கியபோது, சென்னைவாசிகள் வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். மறு வருஷ விதிகளில், ஆமதாபாத் இருந்த அதே மூன்றாம் மண்டலத்துக்குச் சென்னையும் உயர்த்தப்பட்டது.

புது ஃபிளாட் பார்க்கப் போகிறோம். சமையலறை மேடை கிரானைட்டா, அலமாரி எத்தனை என்று துருவித் துருவிக் கேட்கிறோம். கூடவே இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கீழ்த்தளத்தில் தரையிலிருந்து உச்சிவரை ஓடும் கான்கிரீட் சுவர் இருக்கிறதா? தூணின் வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, முனைகளை உள்நோக்கிக் கொக்கிபோல் மடக்கியிருக்கிறார்களா? பூகம்பக் கணக்குப் போட்ட இன்ஜினீயரின் கையெழுத்து எங்கே?

பதில் சொல்ல விற்பவர் தயங்கினால், நீங்கள் முன்பணம் கொடுக்கத் தயங்குங்கள்.